கிரீஸ் கன்னும் காலண்டரும்

பழைய காரைப் பார்த்ததும் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. ‘எந்த வருஷ மாடல்?’ என்பது ஒன்று. ‘கடைசியா எப்போ ஆயில் மாத்துனீங்க?’ என்பது இன்னொன்று. முதல் கேள்வியை ஆர்.டி.ஓ. அலுவலகமும் இன்சூரன்ஸ்காரரும் விலைக்குக் கேட்டு வருகிறவரும் கேட்கிறார்கள். இரண்டாவதை மெக்கானிக் மட்டும்தான் கேட்கிறார். வண்டியின் வயது என்பதை இந்த இரண்டு கேள்விகளும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கின்றன. எங்கள் வீட்டில் 1984ஆம் வருடத்து அம்பாசிடர் மார்க் 4 ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களோடு வந்த கையேடுகளைப் புரட்டினால் முதலில் ஆச்சரியமாகத்தான் இருக்கும். தினமும் என்ஜின் ஆயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை டயர் காற்றும் பேட்டரித் தண்ணீரும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். மூவாயிரம் மைலில் என்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும். பிளாட்டினம் பாயின்ட் இடைவெளி, டாப்பெட், ஸ்பார்க் பிளக் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இதில் பெரும்பாலானதை வண்டிக்காரரே செய்துகொள்வார் என்றுதான் அந்தப் புத்தகங்கள் எதிர்பார்த்தன.

இதற்கெல்லாம் காரணம் உண்டு. அன்றைய ஆயில் சீக்கிரம் தன் குணத்தை இழந்தது. மூட்டுகள் இன்றுபோல ரப்பர் உறைக்குள் மூடி சீல் செய்யப்பட்டவை அல்ல. ஸ்டீயரிங் மூட்டு, கிங்பின், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றிலும் ஒரு கிரீஸ் நிப்பிள் இருந்தது. புது கிரீஸை அழுத்தி அடித்தால் தூசியும் தண்ணீரும் கலந்த பழைய கிரீஸ் வெளியே வழியும். சுத்தமான கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அந்த மூட்டு புதிதாகப் பிறந்தது என்றே சொல்லலாம். அடிக்காமல் விட்டால் அதே மூட்டு ஒரே மழைக்காலத்தில் கிழடாகிவிடும். அதாவது இந்தக் காருக்கு வயது என்பது வருடக்கணக்கு அல்ல, தவறவிட்ட முறைகளின் கணக்கு.

பிரிட்டனில் இந்த சீரிஸ் 3 வந்தது 1956இல், 1959இல் நின்றுபோனது. கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதையே 2014 மே வரை தயாரித்தது. நடுவில் முகப்பு மாறியது, என்ஜின்கள் மாறின, உடல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இதற்கு அரசுக் கொள்கைதான் அடிப்படை. 1949இல் முழுக் கார்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. உதிரிகளைக் கொண்டுவந்து வெறுமனே பூட்டித்தருகிறவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953இல் முடிவானது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டைகட்டின. மிஞ்சியவை அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்ட் என்று விரல்விட்டு எண்ணும் அளவு. கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் ராஜ் காலத்தைத் திட்டுவதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. வாங்குகிறவருக்கு வேறு வழியில்லாததால் தரத்தைக் கூட்ட வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லாமல் போனது. ஆனால் அதன் இன்னொரு விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதிய கார் சுலபத்தில் கிடைக்காத நாட்டில், இருக்கிற காரை ஓடவைப்பது ஒரு பொது அறிவாகவே மாறியது. ஒரே வண்டி, ஒரே மாதிரி நட்டு போல்ட்டு, ஐம்பது வருடத்துக்கு மேல். கையேட்டைப் பார்க்காத மெக்கானிக்குகளின் விரல்களுக்கு அந்தக் கையேடு முழுக்கத் தெரிந்திருந்தது. ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டு இழுக்கும்போது வரும் பிடிப்பை வைத்தே இடைவெளி சரியா என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அப்படிப்பட்டவர். அறுபதைத் தாண்டியவர். ‘வண்டிக்கு வயசாகறதில்லீங்க தம்பி, வெச்சிருக்கறவங்களுக்குத்தான் சலிச்சுப்போகுது’ என்பார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு பராமரிப்பின் இலக்கணமே மாறியது. தானாக கிரீஸ் அடிக்கும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது. இத்தனை கிலோமீட்டர் ஓடினால் சர்வீஸ் சென்டரில் விடு, மற்றபடி சாவியைத் திருகு, ஓட்டு. சாதாரணக் குடும்பங்கள், முக்கியமாகப் பெண்கள், டிரைவரையும் மெக்கானிக்கையும் நம்பியிராமல் கார் வைத்துக்கொள்ள முடிந்தது இதனால்தான். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பராமரிப்பு என்பது நாம் செய்வது என்ற இடத்திலிருந்து நமக்காக யாரோ செய்துவிட்டு பில் கொடுப்பது என்ற இடத்துக்கு நகர்ந்தது. சீல் செய்யப்பட்ட மூட்டும் தேயத்தான் செய்கிறது. அது தேய்வது நம் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். இன்று பதினைந்து வயதான ஒரு மாருதியோ ஹூண்டாயோ ஓடாமல் நிற்பதற்கு, கவனிக்காமல் விட்ட கூலன்ட், மாற்றாத பிரேக் ஆயில், வெடித்துப்போன ரப்பர் புஷ் போன்ற சின்ன விஷயங்கள் போதும்.

என் தொழில் மென்பொருள் எழுதுவது. அங்கே மெயர் லேமன் என்பவர் 1974இல் விதிகள் சில சொன்னார். அதில் முதலாவது, பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் தொடர்ந்து மாற்றப்பட வேண்டும், இல்லையென்றால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்பது. மென்பொருளில் தேய்வதற்கு உலோகம் இல்லை. ஆனாலும் பழசாகிறது. அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது என்பதே காரணம். பழைய காருக்கும் இது அப்படியே பொருந்தும். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. பொதுச் சுகாதாரத்தில் அது பெரிய நன்மை. ஆனால் அம்பாசிடரின் பழைய என்ஜினில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. மெத்தை போனதும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கி, டாப்பெட் இடைவெளி குறையும். டக் டக் சத்தம் அடங்குகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது. கடைசியில் வால்வு எரிந்துபோகும். ஆக, டாப்பெட்டை முன்பைவிட அடிக்கடி பார்க்க வேண்டும், அல்லது ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போட வேண்டும். இப்போது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய வகை ரப்பரை அரிக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயஃப்ரம் இரண்டையும் இனி முறைவைத்துப் பார்த்தாக வேண்டும். 1984இல் அச்சிட்ட எந்தக் கையேட்டிலும் இந்த வேலைகள் இல்லை. பராமரிப்பு அட்டவணையும்கூடப் பராமரிக்கப்பட வேண்டிய ஒன்று.

சரி, சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? மோரிஸ் பிறந்த பிரிட்டனில் 1960இல் எம்.ஓ.டி. பரிசோதனை வந்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளின் பிரேக், லைட், ஸ்டீயரிங்கைச் சோதித்தார்கள். தோற்ற வண்டிகள் ஏராளம். அடுத்த வருடமே வரம்பு ஏழு வயதானது, 1967இல் மூன்று வயது. அதாவது, வயதான வண்டி ஆபத்து என்று அங்கே தொடங்கியவர்கள், கவனிக்காத வண்டிதான் ஆபத்து, அது இளசாக இருந்தாலும் சரி என்ற இடத்துக்கு ஏழே வருடத்தில் வந்துசேர்ந்தார்கள்.

நாம் வேறு பாதையில் போனோம். இங்கே சொந்தக் காரின் பதிவு பதினைந்து வருடத்துக்கு. அதுவரை, புகைச் சான்றிதழைத் தவிர, பிரேக் பிடிக்கிறதா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை. பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. டெல்லி வட்டாரத்தில் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அங்கே அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் போடக் கூடாது என்ற உத்தரவு அமலுக்கு வந்து, எதிர்ப்பில் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

டெல்லியின் காற்றைச் சுவாசித்தவர்கள் இதைக் கொடுமை என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள். எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் என் அம்பாசிடருக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் முளைக்காது. நன்றாக டியூன் செய்த கார்புரேட்டரும் இன்றைய பிஎஸ்-6 என்ஜினின் புகையளவுக்கு இறங்காது. பழைய வண்டிகள் நகரத்தில் குறைய வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. என் சண்டை தேதியை மட்டும் பார்க்கும் விதியோடுதான். பதினைந்தாவது பிறந்தநாளில் வண்டி எப்படியும் செத்துவிடும் என்றால், பன்னிரண்டாவது வயதில் யார் புது பிரேக் ஹோஸ் போடுவார்கள்? நல்ல புஷ் எதற்கு, நல்ல டயர் எதற்கு, ஓடுகிறவரை ஓடட்டும் என்றுதானே தோன்றும்? கெடு குறிக்கப்பட்ட வண்டி, கெடுவுக்கு மூன்று வருடம் முன்பே கைவிடப்படுகிறது. அந்த மூன்று வருடமும் அது நம் எல்லோர் நடுவிலும்தான் சாலையில் ஓடுகிறது. புகையைக் குறைக்க வந்த விதி, புகையும் விபத்தும் கூடுவதற்கு வழிசெய்கிறது.

தானியங்கிச் சோதனை நிலையங்கள் இப்போது ஒவ்வொன்றாக வருகின்றன. பிரேக்கை உருளையில் ஏற்றி அளக்கலாம், புகையைக் கருவியில் அளக்கலாம். கருவி வந்துவிட்ட பிறகும் பிறந்த தேதியையே கேட்டுக்கொண்டிருந்தால், கருவி எதற்கு? பதினைந்து வருடம் காத்திருக்காமல் ஐந்தாவது வருடத்திலிருந்தே எல்லா வண்டிகளையும் சோதிக்கட்டும். தோற்றால் என் அம்பாசிடரை நானே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன்.

அதுவரை அது ஓடும். ஆனால் சட்டத்துக்கும் முன்னால் வேறொரு முடிவு வரும்போலத் தெரிகிறது. உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பாயின்ட் இடைவெளி வைக்கத் தெரிந்த கைதான் குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் மெக்கானிக்கிடம் வேலை செய்யும் இரண்டு பையன்களும் ஸ்கேனரைச் சொருகி எரர் கோட் படிப்பதில் கெட்டிக்காரர்கள். சொருகுவதற்கு இந்த வண்டியில் துளையே இல்லை. அதனால் சனிக்கிழமைகளில் ஃபீலர் கேஜை நானே பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். தகடு நுழையும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், இறுக்கக் கூடாது என்கிறார் அவர். எவ்வளவு லேசாக என்று கேட்டால், பதில் சொல்லாமல் என் விரலைப் பிடித்துத் தகட்டின்மேல் வைக்கிறார்.