வானிலை செயற்கைக்கோளுக்கு செல்போன் சிக்னல் தொல்லையா? ஒரே அலைவரிசையில் இரண்டும்... கண்காணிப்பது எப்படி?

புயல் எங்கே இருக்கு, எந்தப் பக்கம் நகருது? இதைச் சொல்ல வானிலை மையங்களுக்கு செயற்கைக்கோள் தரவு தேவை. அந்தத் தரவு வரும் அதே அலைவரிசையில் செல்போன்களும் இயங்கினால் என்ன ஆகும்? அமெரிக்கா சந்தித்த சிக்கல் இதுதான்.

எந்த அலைவரிசை?

1695 முதல் 1710 மெகாஹெர்ட்ஸ் வரை. துருவங்களுக்கு மேலே சுற்றிவரும் வானிலை செயற்கைக்கோள்கள் தரைக்குத் தரவு அனுப்பும் இடம் இது. ஐரோப்பாவின் மெட்டாப் பயன்படுத்துவது 1701.3 மெகாஹெர்ட்ஸ். செல்போன் சேவைக்கு கூடுதல் இடம் தேவைப்பட்டதால், இதையும் சேர்த்து 2014 நவம்பரில் அமெரிக்கா ஏலம் விட்டது. 2015 ஜனவரியில் முடிந்த 'ஏடபிள்யூஎஸ்-3' ஏலத்தில் மொத்தமாகக் கேட்கப்பட்ட தொகை சுமார் 4,490 கோடி டாலர்.

பிரச்னை என்ன?

போனில் இருந்து டவருக்குப் போகும் சிக்னலுக்கு மட்டுமே இந்த அலைவரிசை. 'போனோட பவர் ரொம்பக் கம்மிதானே' என்று தோன்றலாம். ஆனால் 800 கி.மீ.க்கும் மேலே இருந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல், தரையைத் தொடும்போது அதைவிட பலவீனமாகிவிடும். பக்கத்தில் ஏராளமான போன்கள் ஒரே நேரத்தில் இயங்கினால், சந்தை இரைச்சலில் ரகசியம் கேட்பது மாதிரிதான். செயற்கைக்கோள் ஒரு தரை நிலையத்தைக் கடக்க அதிகபட்சம் 15 நிமிடம் ஆகும். அதற்குள் இடையூறு வந்தால், அந்த நேரடித் தரவில் ஓட்டை விழும்.

தீர்வு என்ன?

வாலப்ஸ் தீவு, ஃபேர்பேங்க்ஸ், மயாமி உள்ளிட்ட இடங்களில் தரை நிலையங்களைச் சுற்றி பாதுகாப்பு மண்டலங்கள் வரையப்பட்டன. அதற்குள் இந்த அலைவரிசையை இயக்க, செல்போன் நிறுவனம் முதலில் அரசுத் துறையுடன் பேசி ஒப்புதல் வாங்கணும்.

கண்காணிப்பு எப்படி?

ஒப்புதல் கொடுத்தால் மட்டும் போதாது, மீறல் நடந்தால் தெரியணும். அதற்காக அமெரிக்க கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான 'நோவா' தனி கண்காணிப்பு முறையை உருவாக்கும் பணியில் இறங்கியது. நிலையத்தின் அருகே உள்ள ஆன்டெனாக்கள் சிக்னலைக் கேட்கும். அது செல்போனுடையதா, வேறு கருவியுடையதா, எந்தத் திசையில் இருந்து வருது என்று பிரித்துப் பார்க்கும். பிறகு உரிய நிறுவனத்துக்குத் தகவல் போகும்.

இதில்தான் கஷ்டமே. 4ஜி போனின் சிக்னல் பார்ப்பதற்கு வெறும் இரைச்சல் போலவே இருக்கும். போனும் ஓரிடத்தில் நிற்காது. யார் காரணம் என்று ஆதாரத்தோடு காட்டினால்தான், சம்பந்தப்பட்ட நிறுவனத்தை சரிசெய்யச் சொல்ல முடியும்.