ஒரே வாயிலும் பல படிகளும்

வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே பருத்தித்துறை; தெற்கே உடுப்பிட்டி. 19ஆம் நூற்றாண்டில் முன்னதில் வெஸ்லியன் மிஷனும் பின்னதில் அமெரிக்க மிஷனும் பள்ளிகள் நடத்தின. பருத்தித்துறையில் 1838இல் தொடங்கிய பள்ளியே பிற்காலத்து ஹாட்லிக் கல்லூரி. இவ்விரண்டிற்கும் இடையே, பாய்க்கப்பல் கட்டியும் செலுத்தியும் வாழ்ந்த சைவக் குடிகள் மிகுந்த துறைமுகம் இருந்தது.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி வேண்டியவர்க்குப் பெரும்பாலும் மிஷன் பள்ளியே கதி. அங்கே கணக்கோடும் பூமிசாத்திரத்தோடும், கிறிஸ்துவின் வழியாக அன்றி எவர்க்கும் இரட்சிப்பு இல்லை என்பதும் பாடமாயிற்று. பாதிரிமார் இதனைப் பகைமையால் கூறினாரல்லர். அழிவுக்குச் செல்லும் ஆன்மாக்களைக் காப்பது தம் கடமை என்று நம்பியே, மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பினர். (அதே மாநிலத்துக்கு 1938இல், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் நம் கடலோடிகளோடு போய்ச் சேர்ந்தது வேறொரு கதை.) ஆயினும் மகன் வீட்டில் வந்து ஒப்பித்த பாடத்தைக் கேட்ட சைவத் தாய்க்கு அதன் பொருள் ஒன்றுதான்: தன்னைப் பெற்றோரும் அவரைப் பெற்றோரும் நரகில் கிடக்கின்றனர்.

இதற்கு விடை கூற எழுந்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவராதலின் எதிர்த்தரப்பு நூலை நன்கறிவார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி நிறுவினார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். வல்வெட்டித்துறையிலே இயற்றமிழ்ப் போதகாசிரியர் ச. வயித்தியலிங்கபிள்ளை அச்சகம் நிறுவி, ‘சைவாபிமானி’ என்னும் பத்திரிகையை நடத்தினார். மிஷன் கொணர்ந்த பள்ளியும் அச்சும் மிஷனுக்கு மறுமொழி கூறும் கருவிகளாயின.

ஆனால் அம்மறுமொழி, எல்லாச் சமயமும் ஒன்றே என்பதன்று. இன்று பலர் அவ்வாறு எண்ணிக்கொள்வது தவறு. சைவ சித்தாந்தம் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் படிப்படியாக வகுத்தது. பிற சமயத்தானும் ஏறத் தொடங்கியவனே. இப்பிறவியில் இல்லாவிடினும் பின்னொரு பிறவியில் உச்சியை அடைவான். அவ்வுச்சி சைவமே. ஒரு தரப்பார் வாயில் ஒன்றே என்றனர். மறு தரப்பார் படிகள் பல என்றனர். தம் முடிபில் ஐயம் இருவர்க்கும் இல்லை. அப்படியில் கால்வைக்கவும் எல்லார்க்கும் இடமிருந்ததா என்பது வேறு கேள்வி. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 1968இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை யாழ்ப்பாணத்தார் மறந்திரார்.

கிறிஸ்தவருள்ளும் வாதம் ஓயவில்லை. 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் உலக மிஷன் மாநாடு கூடியது. கிறிஸ்துவில் வெளிப்பட்ட தெய்வ வெளிப்பாடு எச்சமயத்தோடும் தொடர்ச்சியுடையதன்று என்றார் டச்சு அறிஞர் கிரேமர். செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறிஸ்தவர் அதனை ஏற்றிலர். தம் முன்னோரின் ஞானத்தை முற்றும் இருளென்று தள்ள அவர்க்கு மனம் வரவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்பது மூன்றாம் நூற்றாண்டுச் சிப்பிரியானார் காலந்தொட்டு வந்த வாக்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தரான வெஸ்லி அரியராசா, உலகத் திருச்சபைகள் மன்றத்தில் பிற சமயத்தாரோடு உரையாடும் பணியை ஏற்று, 1985இல் விவிலியத்தைக் கொண்டே அவர்களை அணுகும் முறையை நூலாக எழுதினார். எனினும் 2000இல் உரோமையிலிருந்து வந்த ஆவணம், மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்பதை மீண்டும் வற்புறுத்திற்று.