உரோம வெண்கலக் காசுகளை இனங்காணுதலும் காலக்கணிப்பும்

தமிழகத்தில் கிடைக்கும் உரோமக் காசுகள் அனைத்தையும் சங்க காலச் சான்றுகளாகக் கொள்ளும் போக்கு பொதுவாகக் காணப்படுகிறது. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக் காசுகளுக்கு இக்கருத்துப் பொருந்தும். ஆனால், கரூர், மதுரை ஆகிய இடங்களில் கிடைத்துள்ள சிறிய வெண்கலக் காசுகளுள் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. எனவே, ஒரு காசைத் தவறாக இனங்கண்டால் வணிக வரலாறு ஏறத்தாழ 300 ஆண்டுகள் இடம்பெயர்ந்துவிடும்.

இனங்காணுதலில் முதலில் நோக்கத்தக்கவை எடையும் அளவுமாகும். அகஸ்டஸ் காலத்துச் செஸ்டெர்ஷியஸ் என்னும் பித்தளைக் காசு ஏறத்தாழ 25 கிராம் எடையுடையது. ஆஸ் என்னும் செப்புக் காசு ஏறத்தாழ 11 கிராம். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியான மிகச் சிறிய வெண்கலக் காசோ 1 கிராமையொட்டிய எடையே உடையது.

அடுத்து முன்பக்கத்தை நோக்குதல் வேண்டும். முற்காலப் பேரரசர் தலையில் இலைமாலையோ கதிர்முடியோ காணப்படும். கான்ஸ்டன்டைன் ஆட்சியின் பிற்பகுதியிலிருந்து மணிகள் பதித்த தலைப்பட்டை இடம்பெறுகிறது. பெயருக்கு முன்னர் ‘எம் தலைவர்’ எனப் பொருள்படும் ‘டி என்’ என்னும் சுருக்கம் வருவதும் பிற்காலக் காசுகளின் பொது இயல்பாகும்.

முன்பக்கம் தேய்ந்திருப்பின் பின்பக்கமே துணைசெய்யும். இரு வீரர்க்கு இடையே இரண்டு படைக்கொடிகள் இருப்பின் அக்காசு கி.பி. 330ஐ ஒட்டியது, ஒரே கொடியாயின் கி.பி. 335க்குப் பிற்பட்டது. வீழ்ந்த குதிரைவீரனை ஈட்டியால் குத்தும் காட்சி கி.பி. 348 முதல் வழங்கியது. பின்பக்கத்தின் அடியில் உள்ள எழுத்துகள் அக்கசாலையைக் குறிக்கும். ‘ஏ என் டி’ அந்தியோக்கியாவையும், ‘ஏ எல் இ’ அலெக்சாந்திரியாவையும் சுட்டும்.

சான்றாக, வெற்றித் தேவதை கைதி ஒருவனை இழுத்துச் செல்லும் உருவமுள்ள சிறு காசைக் கருதலாம். ‘அரசின் நலன்’ எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம் கொண்ட இவ்வகை கி.பி. 388 முதல் வெளியாயிற்று. தியோடோசியஸ், இரண்டாம் வாலன்டினியன், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் பெயரில் இது அச்சிடப்பட்டது. பெயரின் இறுதியில் ‘டியஸ்’ என்னும் பகுதி மட்டும் எஞ்சியிருப்பினும் அது ஆர்க்காடியஸைக் குறிக்கும். ‘ரியஸ்’ எனின் ஹொனோரியஸ் ஆவார்.

இங்கு ஈரெச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பிற்கால உரோமக் காசுகளைப் பின்பற்றி இலங்கையில் போலிக்காசுகள் செய்யப்பட்டன. அவற்றில் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகத் திரிந்திருக்கும். இரண்டாவது, காசு வெளியான ஆண்டும் அது மண்ணில் புதைந்த ஆண்டும் ஒன்றல்ல. கலையாத மண்ணடுக்கில் கிடைக்கும் காசு, அவ்வடுக்கு அதனினும் முற்பட்டதன்று என்பதை மட்டுமே நிறுவும்.

இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் வெளியிட்ட பிற்கால உரோமச் செப்புக் காசுகள் பற்றிய நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. சங்க காலத்தின் எல்லையாகப் பலரும் கொள்ளும் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரும் உரோம நாணயங்கள் தமிழகத்தை அடைந்தன என்பதற்கு இக்காசுகளே சான்று. உரோம வணிகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘உரோமக் காசு கிடைத்தது’ என்பதோடு அமையாது, எப்பேரரசரின் எவ்வகைக் காசு என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் இன்றியமையாததாகும்.