கீறலும் டேப்பும்

சாயம் ஏற்றிய மரத்தில் வார்னிஷ் பிடித்திருக்கிறதா என்று நம் ஆசாரிகள் நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் அதுதான், கொஞ்சம் கணக்கோடு. மெல்லிய பூச்சானால் மரத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 6 கீறல், குறுக்கே 6. ஆக 25 கட்டங்கள். மேலே டேப்பை ஒட்டி இழுக்க வேண்டும். எதுவும் பெயராவிட்டால் ஐ.எஸ்.ஓ. முறையில் மதிப்பெண் 0. அமெரிக்க முறையில் 5. (குழப்புவதற்கென்றே வைத்தார்களோ!)

எனக்குப் பிடித்தது டேப்பின் கதை. 1920களில் அமெரிக்காவில் கார்களுக்கு இரண்டு வண்ணம் அடிப்பது மோஸ்தர். ஒரு வண்ணத்தை மறைக்க ஒட்டிய காகிதத்தை எடுக்கும்போது புது பெயிண்டும் கூடவே வந்துவிடும். பெயிண்டர்கள் திட்டுவதைக் கேட்ட த்ரீஎம் கம்பெனி ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, 1925இல் மாஸ்கிங் டேப்பையும், 1930இல் செல்லோஃபேன் டேப்பையும் கொண்டுவந்தார். பெயிண்டை உரிக்காமலிருக்கப் பிறந்த பொருளின் வாரிசு, இன்று உரித்துப் பார்த்துச் சோதிக்கிறது!

அப்பாவின் ஊஞ்சல் பலகைக்கு வார்னிஷ் அடிக்குமுன், அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் பூசி, நன்றாகக் காயவிட்டு இதைச் செய்து பார்த்தேன். டேப்பில் வார்னிஷோடு சாயமும் வந்தது. வார்னிஷ் சாயத்தைப் பிடித்திருந்தது; சாயம்தான் மரத்தைப் பிடிக்கவில்லை. ஆசாரி ஒன்றும் சொல்லாமல் உப்புத்தாளை எடுத்தார்.