பணிக்கான ஜெர்மன் மொழிக் கல்வி: மும்பைத் தமிழர்

ஜெர்மனியில் வேலை செய்யச் செல்வோர், தம் தொழிலுக்கு வேண்டிய அளவு ஜெர்மன் மொழியைத் திட்டமிட்டுக் கற்பது பணிக்கான ஜெர்மன் மொழிக் கல்வி எனப்படும். செவிலியர், மருத்துவர், தொழிற்பயிற்சி மாணவர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் எனப் பலருக்கும் இது தேவைப்படுகிறது. மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ் இளைஞருக்கு இக்கல்வி ரயிலில் போய்வரும் தொலைவிலேயே கிடைக்கிறது.

பின்னணி

பிழைப்புக்காகப் புது மொழி கற்பது மும்பைத் தமிழருக்குப் பழகிய வழி. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்கள், பம்பாய் இந்தியைப் பட்டறையிலும் சந்தையிலும் பேசிப் பேசியே கற்றார்கள். 20ஆம் நூற்றாண்டில் மாட்டுங்காவில் குடியேறிய இளைஞர் பலர் ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவில் தொடங்கியதும் இந்தக் குடியேற்றச் சூழலில்தான்.

ஜெர்மன் நிறுவனங்களும் இந்நகரில் நெடுநாளாக இயங்குகின்றன. இந்திய–ஜெர்மன் வர்த்தகச் சபை 1956இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் மும்பையில் உள்ளது. முன்பெல்லாம் ஜெர்மன் கற்றவர்களில் பலர் இங்கிருந்தபடியே மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, நிறுவன வேலை ஆகியவற்றை நாடினர். இன்றோ ஜெர்மனிக்கே சென்று வேலை செய்வது பலருடைய நோக்கமாகிவிட்டது.

ஜெர்மனியில் 2020 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த திறன்மிகு தொழிலாளர் குடியேற்றச் சட்டம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்தியத் திறன்மிகு தொழிலாளருக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது.

நிலைகளும் தேர்வுகளும்

மொழித்திறன் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாக அளவிடப்படுகிறது. கோட்டைப் பகுதியின் காலா கோடாவில் உள்ள மாக்ஸ் முல்லர் பவன், கோத்தே இன்ஸ்டிடியூட்டின் மும்பைக் கிளை. வகுப்புகளும் தேர்வுகளும் அங்கே நடக்கின்றன. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. வந்து இறங்கினால் அங்கு சென்றுவிடலாம். மும்பைப் பல்கலைக்கழகத்திலும் ஜெர்மன் துறை உண்டு.

தேர்வு படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் கொண்டது. தேர்ச்சிக்கு 60 விழுக்காடு வேண்டும். பி2 நிலையை எட்ட, 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கோத்தே இன்ஸ்டிடியூட்டின் மதிப்பீடு. பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படிப்பவருக்கு இது ஓராண்டுக்கு மேல் நீளும் உழைப்பு.

எந்த நிலை வேண்டும் என்பது தொழிலைப் பொறுத்தது. செவிலியர் தகுதிக்கு முழு அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 வேண்டும். மருத்துவர்கள் சி1 தரத்தில் மருத்துவ மொழித் தேர்வு ஒன்றைத் தனியாக எழுத வேண்டும்: 20 நிமிடம் நோயாளியுடன் உரையாடல், 20 நிமிடம் மருத்துவக் குறிப்பு எழுதுதல், 20 நிமிடம் சக மருத்துவருடன் பேச்சு. உயர்தகுதிப் பணியாளருக்கான ஐரோப்பிய நீல அட்டையில் செல்லும் மென்பொருள் பொறியாளருக்கு விசா பெற ஜெர்மன் கட்டாயமில்லை. ஆனாலும் நிரந்தர வதிவுரிமைக்கு ஏ1 மட்டும் உள்ளவர் 27 மாதம் பணிபுரிந்திருக்க வேண்டும். பி1 உள்ளவருக்கு 21 மாதமே போதும்.

தமிழும் மராத்தியும் தரும் துணை

ஜெர்மன் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வரும். தமிழருக்கு அது இயல்பான வரிசை. பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், அஃறிணை என மூன்று இலக்கணப் பால்கள் இருப்பதுதான் தமிழ்நாட்டிலிருந்து நேரே வருபவரைத் திணறடிக்கும். மும்பையில் படித்தவருக்கு இது புதிதல்ல. பள்ளியில் கற்ற மராத்தியிலும் மேசை, வீடு போன்ற பொருள்களுக்கெல்லாம் மூன்று பால்களில் ஒன்று உண்டு. மராத்தியில் ‘ட்ஸ’ என ஒலிக்கும் சகரம், ஜெர்மன் இசட் எழுத்தின் ஒலிக்கு மிக நெருக்கமானது. இந்தி பழகிய காதுக்கு ப–ப³ (p–b), த–த³ (t–d) வேறுபாடும் எளிது. தாராவிப் பிள்ளைகள் தெருவில் கற்ற பன்மொழி அறிவு, ஜெர்மன் வகுப்பில் பெரிய மூலதனம். ஆசிரியர்கள் அதைக் கணக்கில் எடுத்துப் பாடம் நடத்த வேண்டும்.

பணியிட மொழி

சான்றிதழ் பெற்றவரும் வேலையிடத்தில் முதல் சில மாதங்கள் தடுமாறுவதுண்டு. ஜெர்மனில் இருபத்து நான்கை ‘நான்கும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். தொலைபேசியில் கேட்டு மருந்தளவையோ அறை எண்ணையோ குறிக்கும் செவிலியர் 24ஐ 42 என்று எழுதிவிடக் கூடாது. ஷிப்ட் மாறும்போது வார்டில் நடக்கும் ஒப்படைப்பில் யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை, யாருக்குக் குத்தும் வலி, யாருக்கு எரியும் வலி என்பதெல்லாம் சில நிமிடங்களில் விரைவாகச் சொல்லப்படும். வயதான நோயாளிகள் வட்டார வழக்கில் பேசுவார்கள். ஜெர்மன் மாநிலமான பாடன்–வூர்ட்டம்பெர்க்கின் சுவாபியப் பேச்சு பாடப்புத்தக ஜெர்மனிலிருந்து வெகுவாக வேறுபடும். நோயாளிகளிடம் ‘நீங்கள்’ என்ற மரியாதை வடிவமே முறை. சக ஊழியரோடு ‘நீ’ என்று பேசுவதை வழக்கமாக மூத்தவர்தாம் தொடங்கிவைப்பார்.

அரசுத் திட்டங்கள்

மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்துடன் உடன்படிக்கை செய்தது. முதற்கட்டமாக 10,000 பேரை அரசுச் செலவில் ஜெர்மன் கற்பித்து அனுப்புவது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சி அளிக்கிறது. தனியார் முகவர் வழியாகச் செல்வோர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அந்த முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ–மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

சென்ற பின் கற்றல்

ஜெர்மனியில் பணிசார்ந்த மொழி வகுப்புகள் 2016 முதல் அரசு நிதியில் நடந்துவருகின்றன. மும்பையில் பெறும் சான்றிதழ் விசாவுக்கும் வேலையில் சேர்வதற்கும் உதவும். நோயாளியோடும் மேலாளரோடும் தயக்கமின்றிப் பேச, பணியிடத்திலேயே கற்றலைத் தொடர வேண்டும். ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, மொழி வகுப்புக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தரப்படும், அதற்கு யார் செலவு செய்வார் என்று முதலாளியிடம் கேட்டு எழுத்தில் பெறுவது அவசியம்.