சாயத் தண்ணீர் தெளிந்த பிறகு கசடு எங்கே போகிறது?

போருக்குப் பின் வன்னிக்கு வந்த ஆடைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் தையல் வேலைக்கானவை. அங்கே மிஞ்சுவது வெட்டுத்துணி. நான் இங்கே பேசுவது துணிக்குச் சாயமேற்றும், ஜீன்ஸைக் கழுவி வெளுக்கும் ஆலைகளைப் பற்றி. ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்தி வலயம் திட்டமிடப்பட்டபோதே இந்த விடயம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

சாயக் கழிவுநீரில் சுண்ணாம்பு, படிகாரம் போன்றவற்றைக் கலந்தால் நிறம் திரண்டு அடியில் படியும். ஆலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மேலே தெளிந்த நீரைத்தான் காட்டுவார்கள். அழுக்கு அழியவில்லை, கசட்டுக்குள் இடம் மாறியிருக்கிறது. சில சாயங்களிலிருந்து வரும் குரோமியமும் செம்பும் அதில் இருக்கலாம். வெட்டவெளியில் குவித்தால் மழையோடு நிலத்துக்குள் இறங்கும்.

திருப்பூரில் நடந்தது தெரிந்ததுதான். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீர்த் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாமல் நீரை மீளப் பயன்படுத்தும் முறைக்குப் போனார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கசடும் கலப்பு உப்பும் கொட்டகைகளில் குவிந்தன.

கசட்டுக்கு ஓரளவு நம்பகமான வழி சீமெந்துச் சூளை. சுமார் 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சேதனப் பொருட்கள் எரிந்துவிடும், உலோகங்களில் பெரும்பகுதி கிளிங்கருக்குள் அடைபடும். புத்தளத்தில் தொழிற்சாலைக் கழிவுகளை இப்படி எரிக்கும் வசதி இருக்கிறது. கசடு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், குளோரைட்டு கூடினால் சூளை ஏற்காது. செங்கல்லிலும் சிறிதளவு கலக்கலாம். ஆனால் சுட்ட கல்லிலிருந்து உலோகம் கசிகிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்த்த பிறகுதான்.

பசளை என்று இலவசமாக ஏற்றி வந்தால் வாங்காதீர்கள். 2021இல் பசளைக்கு அலைந்தவர்களுக்கு இதைச் சொல்வது கடினம், தெரியும். உலோகம் உக்காது, போகத்துக்குப் போகம் வயலில் சேரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் புதைப்பது இன்னும் மோசம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உழைப்பவரை இழந்த வீடுகளுக்கு வேலை வேண்டும், தொழிற்சாலையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடிக்கல் நாட்டும் முன்பே கசட்டுக் கணக்கைக் கேட்க வேண்டும்: மாதம் எத்தனை தொன், உலர்த்தும் இடத்துக்குக் கூரை உண்டா, லொறி எங்கே போகிறது, அங்கே பாரம் ஏற்றுக்கொண்ட பற்றுச்சீட்டு எங்கே? அபாயக் கழிவைக் கையாள 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தேவை. அதன் பிரதியை, 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தச் சபையிடமே தமிழில் எழுதிக் கேட்கலாம்.