தொப்புள்கொடி சொன்ன சாட்சி



கருவில் வளரும் பிள்ளைக்குத் தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்று நாம் நம்புகிறோம். மருத்துவ நூல்களும் வெகுகாலம் அவ்வாறே கூறிவந்தன. தாயின் இரத்தத்தில் நஞ்சு கலந்தாலும், நஞ்சுக்கொடி அதைத் தடுத்துப் பிள்ளையைக் காத்துவிடும் என்று மருத்துவர்கள் எண்ணினர். அந்த எண்ணம் தவறு என்பதை உலகம் உணரக் காரணமாயிருந்தவர்களுள், ஜப்பான் நாட்டின் மீனவத் தாய்மார்களும் அடங்குவர். அவர்களின் வரலாற்றை இன்று காண்போம்.

ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷு தீவில், குமமோத்தோ மாநிலத்தைச் சேர்ந்த சிற்றூர் மினமாத்தா. அவ்வூரில் சிஸ்ஸோ என்னும் நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. 1932ஆம் ஆண்டு முதல் அங்கே அசிட்டால்டிஹைடு என்னும் பொருள் தயாரிக்கப்பட்டது. அதைத் தயாரிக்கப் பாதரசம் பயன்பட்டது. கழிவுநீரைக் கடலில் விட்டனர். அதில் மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்தது. கடலின் நுண்ணுயிர்களில் சேர்ந்த நஞ்சு சிறுமீனுக்குச் சென்றது; சிறுமீனைத் தின்ற பெருமீனில் அது மேலும் பெருகியது; இறுதியில் அந்த மீனே அன்றாட உணவாகிய மக்களின் உடலில் வந்து தங்கியது.

முதலில் ஊர்ப் பூனைகள் வலிப்புக் கண்டு, சுழன்று விழுந்து இறந்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் மரத்தது, நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, பார்வை குறுகியது. 1956 மே 1ஆம் நாள், தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா, காரணம் தெரியாத நோய் பரவுவதாகச் சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தார். தொற்றுநோய் என்றஞ்சி, அண்டை அயலார் நோயாளிகளின் வீடுகளை ஒதுக்கினர். 1959இல் குமமோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மீனில் உள்ள பாதரசமே காரணம் என்றனர். நிறுவனம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஹோசோகாவா, தொழிற்சாலைக் கழிவை உணவில் கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் கண்டது. நிர்வாகமோ அம்முடிவை வெளியிடாமல் மறைத்துவிட்டது.

இதற்கிடையே, அவ்வூரில் பிறந்த குழந்தைகள் சிலருக்குத் தலை நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, கைகால் முறுக்கிக்கொண்டன. இது பிறவி மூளைவாதம் என்றனர் மருத்துவர்கள். பிள்ளை மீனே உண்ணவில்லை, தாயிடமும் நோய்க்குறி தெரியவில்லை, பிறகு எப்படி நஞ்சு சேரும் என்பது அவர்கள் வாதம். தாய்மார்கள் அதை ஏற்கவில்லை. மீனைத் தின்றவள் நான். என் உடம்பில் சேர்ந்ததை என் பிள்ளை வாங்கிக்கொண்டது என்று அவர்கள் உறுதியாகக் கூறினர்.

1961இல் அவ்வூருக்கு வந்த இளம் மருத்துவர் ஹராடா மசசுமி, அத்தாய்மார்களின் சொல்லை அலட்சியம் செய்யவில்லை. வீடுவீடாகச் சென்று பிள்ளைகளை ஆராய்ந்தார். இறந்த இரண்டு குழந்தைகளின் மூளையைப் பரிசோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. 1962 நவம்பரில், அவ்விருவரோடு உயிருடனிருந்த 16 பிள்ளைகளும் கருவிலேயே மினமாத்தா நோய்க்கு ஆளானவர்கள் என்று ஏற்கப்பட்டனர்.

மெத்தில் பாதரசம் உடலுக்குள் சென்றதும், உடலுக்குத் தேவையான புரதச் சத்தின் ஒரு பகுதியைப்போல வேடமிட்டுக் கொள்கிறது. ஆகவே நஞ்சுக்கொடி அதனைச் சத்தென்றே கருதிப் பிள்ளைக்கு அனுப்பிவிடுகிறது. தாயின் இரத்தத்தைவிடப் பிள்ளையின் இரத்தத்தில் அது கூடுதலாகச் சேர்கிறது. வளரும் மூளையோ மிகவும் மென்மையானது. தாய் நலமாகத் தோன்றியும் பிள்ளை பாதிக்கப்பட்டது இதனால்தான்.

நேயர்களே, குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? ஜப்பானியத் தாய்மார்களும் அதைச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவர். ஆய்வாளர்கள் அக்கொடிகளைக் கேட்டு வாங்கிப் பரிசோதித்தனர். பல ஆண்டுகளுக்கு முன் பிறந்த பிள்ளைகளின் கொடிகளில் மெத்தில் பாதரசம் இருந்தது. தொழிற்சாலையில் உற்பத்தி உச்சத்தில் இருந்த காலத்துக் கொடிகளில் அது மிகுதியாக இருந்தது. 1975இல் இம்முடிவு வெளியிடப்பட்டது. அன்பின் அடையாளமாக வைத்திருந்த பொருளே மறுக்கமுடியாத சாட்சியாயிற்று.

கழிவு கடலில் கலப்பது 1968இல்தான் நின்றது. அவ்வாண்டுதான் அரசும் காரணத்தை ஒப்புக்கொண்டது. 1973இல் நீதிமன்றம் நிறுவனத்தின் மீது குற்றம் கண்டு, இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, அவ்வூரின் பெயராலேயே மினமாத்தா உடன்படிக்கை எனப்படுகிறது.

தோட்டத்தில் தெளிக்கும் மருந்துகள் பாதரசத்தினின்று வேறானவை. ஆயினும் இவ்வரலாறு தரும் பாடம் நமக்கும் பொருந்தும். பாராகுவாட் என்னும் புல்மருந்து மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மற்ற மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. கருவுற்ற பெண்கள் மருந்தடிக்கும் வேலைக்குப் போகாமல் வேறு வேலை கேட்டுப் பெறவேண்டும். மருந்துபட்ட துணியைத் தனியே துவைக்கவேண்டும். அதையும் கருவுற்றவர் துவைக்கலாகாது. காலி மருந்துக் கலன்களில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. மருத்துவமனைத் தாதியிடம் நீங்கள் செய்யும் வேலை இன்னதென்று முதல் வருகையிலேயே சொல்லிவிடுங்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். மினமாத்தாத் தாய்மார்களின் உடம்பும் நன்றாகத்தான் இருந்தது.